ஈயடிச்சான் காப்பி கணக்கைக் காப்பாற்றுமா?

கீழமாசி வீதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கம்ப்யூட்டர் பில் போடாத மொத்தக் கடை இன்று அரிது. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, அதுவரை சிட்டை, நாள்வழி, பேரேடு என்று கைக்கணக்கிலேயே காலம் தள்ளிய கடைகளும் மாறிவிட்டன. கடையில் ஒரு மிஷின், குடோனில் ஒரு மிஷின் என்று வைத்து, ஒன்றில் போடும் கணக்கு மற்றொன்றிலும் உடனுக்குடன் ஏறும்படி செய்து கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. சாப்ட்வேர் விற்க வருபவர் சொல்லும் முதல் வாசகமே, "ஒரு மிஷின் போனாலும் இன்னொன்றில் கணக்கு அப்படியே இருக்கும் அண்ணாச்சி" என்பதுதான்.

அப்படியே இருக்கும் என்பது உண்மை. தப்பும் அப்படியே இருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. பரீட்சையில் ஈயடிச்சான் காப்பி அடிப்பவன் ஈயையும் சேர்த்து அடித்து ஒட்டுவதைப் போலத்தான் இந்த நகல்களும். நகல் எடுப்பது ஒரு வேலை, சரிபார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இந்த நினைப்பு ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இண்டெக்ஸ் என்பது என்ன?

பழைய பேரேட்டின் முன்பக்கத்தில் அகரவரிசைத் தாள்கள் இருக்கும். மேலூர்க்காரர் கணக்கு எத்தனையாவது பக்கம், உசிலம்பட்டிக்காரர் கணக்கு எத்தனையாவது பக்கம் என்று அதில் குறித்திருப்போம். கம்ப்யூட்டர் கணக்கிலும் இதே ஏற்பாடுதான். கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். அதைச் சீக்கிரம் தேடி எடுக்க இண்டெக்ஸ் என்ற பட்டியல் தனியே இருக்கும்.

கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை முதலிலிருந்து படிப்பதில்லை. நடுவில் பிரித்துப் பார்க்கிறது. தேடும் பெயர் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று முடிவு செய்து, ஒரு பாதியைத் தள்ளிவிடுகிறது. மீதியை மறுபடி பாதியாக்குகிறது. ஒரு லட்சம் பெயர் இருந்தாலும் 17 தடவைக்குள் ஆள் கிடைத்துவிடுவார். இந்த வேகத்துக்கெல்லாம் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: பட்டியல் வரிசை பிசகாமல் இருக்க வேண்டும். பிசகினால் மிஷின் தப்பான பாதிக்குப் போய், "அப்படி ஒருவர் இல்லை" என்று கூசாமல் சொல்லிவிடும். கணக்கு பேரேட்டில் பத்திரமாக இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. கணக்கே அழிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இதுவோ மாதக்கணக்கில் தெரியாமலே ஓடும்.

வரிசை எப்படிக் கெடுகிறது?

முதல் காரணம் நமக்குப் பழக்கமானது. டிபேஸ், பாக்ஸ்புரோ காலத்தில் கணக்கு ஒரு பைலிலும் இண்டெக்ஸ் இன்னொரு பைலிலும் இருந்தன. எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றில் ஏறியது மற்றொன்றில் ஏறாமல் நின்றுவிடும். 'ரீஇண்டெக்ஸ்' கொடுத்தால் சரியாகிவிடும். இன்றைய டேட்டாபேஸ்கள் நம் முன்னோர் வழியைப் பிடித்துக் கொண்டன. முதலில் நாள்வழியில் எழுதிவிட்டுப் பிறகே பேரேட்டில் ஏற்றுகின்றன. இடையில் கரண்ட் போனால் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்து கொள்கின்றன. ஆயினும் எழுதி முடிக்காமலே "எழுதிவிட்டேன்" என்று சொல்லும் மட்டமான டிஸ்க் இருந்தால் இந்தப் பாதுகாப்பும் வீண்.

இரண்டாவது காரணம், சாப்ட்வேரிலேயே உள்ள பிழை. உலகெங்கும் நல்ல பெயர் பெற்ற 'போஸ்ட்கிரெஸ்' டேட்டாபேஸின் 14-வது பதிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. வேலை நிற்காமல் இண்டெக்ஸ் போடும் வசதியை அதில் பயன்படுத்தினால் சில வரிகள் இண்டெக்ஸில் விடுபட்டுப் போக வாய்ப்பிருந்தது. 2022 ஜூனில் வந்த 14.4 பதிப்பில்தான் அது சரி செய்யப்பட்டது. இடைப்பட்ட எட்டு மாதத்துக்கு மேல் அந்தக் குறை அதில் இருந்திருக்கிறது.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. எழுத்துகளின் வரிசை என்பதே மிஷினுக்கு மிஷின் மாறக்கூடியது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஆனால் கம்ப்யூட்டருக்குள் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்துள்ள யூனிகோட் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன. ர-வுக்கு அடுத்து ற. ல, ள, ழ முடிந்த பிறகே வ. பள்ளிக்கூட வரிசைப்படி கவுனி அரிசி முந்தி, கழற்சிக்காய் பிந்தி. எண் வரிசைப்படி கழற்சிக்காய் முந்திக் கொள்ளும். பயறுக்குப் பின்னால் வர வேண்டிய பனங்கற்கண்டு முன்னால் போய்விடும். அகராதி முறையில் வெந்தயத்துக்கும் பின்னால் நிற்க வேண்டிய ஜவ்வரிசி, எண் வரிசையில் சோம்புக்கும் தனியாவுக்கும் நடுவில் உட்காரும். இரண்டும் ஒழுங்கான வரிசைகளே. ஆனால் ஒரு முறையில் அடுக்கிய பட்டியலை மறு முறையில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார்.

எண்களும் இதற்கு விலக்கல்ல. லினக்ஸ் மிஷின்களில் எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் 'ஜிலிப்சி' என்ற அடிப்படைப் பகுதியின் 2.28 பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. அதில் வரிசை விதிகள் பெருமளவு மாற்றப்பட்டன. ஆங்கில வரிசை முறையில் அதற்கு முன்பு 11 முதலிலும் 1-1 அடுத்தும் வந்தன. அதற்குப் பிறகு 1-1 முதலிலும் 11 அடுத்தும் வருகின்றன. நடுக்கோடு போட்டுப் பில் நம்பர் எழுதும் நமக்கு இது சின்ன விஷயமா? ஜி.எஸ்.டி. விதி 46, பில் நம்பரில் எழுத்து, எண், நடுக்கோடு, சாய்கோடு ஆகியவற்றை அனுமதிக்கிறது. 16 எழுத்துக்கு மிகக் கூடாது, ஒரு நிதியாண்டில் ஒரே நம்பர் இரண்டு முறை வரக் கூடாது என்கிறது. விதி அனுமதித்த அந்த நடுக்கோட்டிலேயே வரிசை மாறியிருக்கிறது.

நகல் ஏன் காப்பாற்றாது?

கணக்கை நகல் மிஷினுக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. "இன்னாருக்கு இவ்வளவு பற்று" என்று விவரத்தைச் சொல்லி அனுப்புவது ஒரு வழி. எதிர்முனை தன் பேரேட்டில் தானே எழுதி, தன் இண்டெக்ஸைத் தானே போட்டுக் கொள்ளும். "பேரேட்டின் இந்தப் பக்கத்தில் இந்த வரியில் இந்த எழுத்துகளை எழுது" என்று அச்சு அசலாக அனுப்புவது மறு வழி. இதில் இண்டெக்ஸும் மூல மிஷின் அடுக்கியபடியே போய்ச் சேரும். வேகமானதும் சுலபமானதும் இதுவே என்பதால் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோரிடம் இது பரவலாக இருக்கிறது.

இப்போது கடை மிஷின் பழைய லினக்ஸ், குடோன் மிஷின் புதிய லினக்ஸ் என்று வைத்துக் கொள்வோம். கடை மிஷின் தன் விதிப்படி சரியாகவே இண்டெக்ஸ் போடுகிறது. அது அப்படியே குடோனுக்கு வருகிறது. குடோன் மிஷின் அதைத் தன் புதிய விதிப்படி தேடுகிறது. கடையில் கிடைக்கும் பார்ட்டி குடோனில் கிடைக்கமாட்டார். எந்த மிஷினும் பழுதில்லை, எந்த டிஸ்க்கும் கெடவில்லை, எந்த எச்சரிக்கையும் வராது.

இது கற்பனை அல்ல. பயண விவரங்கள் தரும் அமெரிக்க நிறுவனமான டிரிப் அட்வைசர் இதே சங்கடத்தில் சிக்கியதை அதன் பொறியாளர் ஒருவர் 2014-ல் வெளிப்படையாக எழுதினார். மூல மிஷினிலும் நகல் மிஷினிலும் ஜிலிப்சி பதிப்பு வேறு வேறாக இருந்ததே காரணம். வாடகைக் கார் நிறுவனமான ஊபர் 2016-ல் இன்னொரு அனுபவத்தை வெளியிட்டது. நகல் மிஷினை மூலமாக உயர்த்தியபோது, டேட்டாபேஸின் பிழை ஒன்றால் சில நகல்கள் நாள்வழியைத் தப்பாக ஏற்றிக் கொண்டன. ஒரே ஒருவரைத் தேடினால் இரண்டு வரிகள் வந்து நின்றன. சம்பளத்துக்குப் பொறியாளர் படை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், வாரம் ஒரு முறை வந்து எட்டிப் பார்க்கும் சர்வீஸ் பையனை நம்பியிருக்கும் நம் கதி என்ன?

கடையில் என்ன நஷ்டம்?

மூல மிஷின் பழுதாகி, நகலை மூலமாக்கி வியாபாரம் நடத்தும் நாளில்தான் வினை வெளியே வரும். அதுவும் தீபாவளி, பொங்கல் நெருக்கடியில் வந்தால் கேட்கவே வேண்டாம். வாடிப்பட்டியிலிருந்து வந்த சில்லறைக் கடைக்காரர் பெயரைத் தட்டினால் "இல்லை" என்று வரும். கூட்டத்தில் பில் போடுபவர் என்ன செய்வார்? புதுக் கணக்கு தொடங்குவார். ஒரே பெயரில் இரண்டு கணக்கு கூடாது என்று தடுக்க வேண்டியதும் அந்த இண்டெக்ஸ்தான். அது பழைய பெயரைக் காணாததால் தடுக்காது. பழைய பாக்கி ஒரு கணக்கில் நிற்கும், புதுச் சரக்கு இன்னொரு கணக்கில் போகும். கடன் வரம்பு தாண்டியது தெரியாது. வசூலுக்குப் போகிறவர் கையில் பாதி பாக்கிதான் இருக்கும்.

பில் நம்பரிலும் இதுவே. போட்ட நம்பரை மறுபடி போட மிஷின் அனுமதித்துவிடும். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஒரே நம்பரை இரண்டாம் முறை அனுப்பினால் அங்கே திருப்பி விடுவார்கள். நமக்கு அலைச்சல் என்றால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைப்பதில் தகராறு. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆறு வருஷம் கழித்து அதிகாரி கேட்கும் பில்லை "கம்ப்யூட்டரில் காணோம்" என்று சொன்னால் ஏற்பார்களா?

இவற்றையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குடோனில் 10 மூட்டை துவரம் பருப்பு வந்ததற்கான வரி இண்டெக்ஸில் விடுபட்டால் இருப்புக் கணக்கு முன்னுக்குப் பின் முரணாகும். உடனே நம் பார்வை யார் மேல் விழும்? இருபது வருஷமாகக் குடோன் சாவி வைத்திருக்கும் ஆள் மேல். மிஷின் பொய் சொல்லாது என்ற மூடநம்பிக்கையில் ஒரு நேர்மையான மனிதர் திருட்டுப் பட்டத்தோடு வெளியேற நேர்ந்தால், அந்தப் பாவத்தை எந்த ரீஇண்டெக்ஸ் கழுவும்?

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிடைக்காதது எல்லாம் இண்டெக்ஸ் கோளாறு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தமிழில் 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிய முடியும். 2005-ல் புதிதாக ஓர் எழுத்து எண் சேர்க்கப்பட்டதால் வந்த நிலை இது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், மிஷினுக்கு வேறு வேறு. ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டும்.

பெயரைத் தட்டித் தேடினால் வராத பார்ட்டி, முழுப் பட்டியலை எடுத்தால் தென்படுகிறாரா? தென்பட்டால், பட்டியலில் உள்ள அந்தப் பெயரையே காப்பி செய்து தேடும் கட்டத்தில் ஒட்டித் தேடுங்கள். இப்போது கிடைத்தால் கோளாறு எழுத்துப் பதிவில். தட்டச்சைச் சரி செய்தால் போதும். அப்போதும் கிடைக்காவிட்டால் இண்டெக்ஸ் மேல் சந்தேகப்படலாம். கடை மிஷினில் கிடைத்து நகல் மிஷினில் கிடைக்காவிட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், கையை எடுத்துவிடுவது. புதுக் கணக்கு தொடங்க வேண்டாம், இரட்டையாகத் தெரிவதை அழிக்க வேண்டாம். அன்றைய பில்லைக் கைப் புத்தகத்தில் போட்டுக் கொண்டு, உள்ளதை உள்ளபடி தனி டிஸ்க்கில் ஒரு பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சாப்ட்வேர்காரர் இண்டெக்ஸைப் பரிசோதிக்க வேண்டும். இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸில் 2017 முதல் 'ஏஎம்செக்' கூடவே வருகிறது. பேரேட்டின் ஒவ்வொரு வரியும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்றுகூட அது ஒத்துப் பார்க்கும். மைக்ரோசாப்ட் எஸ்.கியூ.எல். சர்வரில் 'செக்டிபி', மைஎஸ்கியூஎல்லில் 'செக் டேபிள்' என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. சோதனையை மூலத்திலும் நகலிலும் தனித்தனியே செய்ய வேண்டும். மூலம் நன்றாக இருக்கிறது என்பது நகலுக்குச் சான்று ஆகாது.

அடுத்து இரட்டைக் கணக்குகளைத் தேடி எடுத்து, பழைய சிட்டையோடு ஒத்துப் பார்த்து, உரிமையாளரின் கண்முன் ஒன்றாக்க வேண்டும். இதைச் செய்யாமல் ரீஇண்டெக்ஸ் கொடுத்தால், ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது என்ற இண்டெக்ஸ் போட முடியாமல் மிஷின் மறுத்துவிடும். சில அவசரக்காரர்கள் அப்போது ஏதோ ஒரு வரியை அழித்துவிட்டு மேலே போவார்கள். அழிந்தது யார் பாக்கி என்று பிறகு தெரியாது. ஒன்றாக்கிய பிறகு ரீஇண்டெக்ஸ். அதன் பிறகும் நகலில் பழைய குறை இருக்கும். இரண்டு மிஷின்களிலும் ஒரே லினக்ஸ் பதிப்பைப் போட்டு, நகலைப் புதிதாக எடுக்க வேண்டும். பில் நம்பர், சரக்குக் குறியீடு போன்றவற்றின் இண்டெக்ஸை மொழி விதிக்கு உட்படாத எண் வரிசையில் வைத்துக் கொள்வது நல்லது. அந்த வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. தமிழ் அகரவரிசையை பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் அமைத்துக் கொள்ளலாம்.

"இது நம் வேலையா?"

பருப்பு விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, அதற்குத்தானே வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் கொடுக்கிறோம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் தராசை நாமே செய்வதில்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் அதில் நிறுப்பதும் இல்லை. கம்ப்யூட்டருக்கும் அந்த அளவு விவரம் போதும். இண்டெக்ஸ் போடத் தெரிய வேண்டாம், "கடைசியாக எப்போது பரிசோதித்தாய்" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

எல்லாவற்றையும் வெளியூர்ச் சர்வரில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்போரும் உண்டு. அங்கும் இருப்பது டேட்டாபேஸ்தான், அங்கும் எடுப்பது நகல்தான். பார்த்துக் கொள்ளும் ஆள் அதிகத் தேர்ச்சி உள்ளவராக இருக்கலாம். கேள்வி கேட்க வேண்டிய பொறுப்பு நம்மை விட்டுப் போகாது.

சங்கம் செய்ய வேண்டியது

தனித்தனியே கேட்டால் சாப்ட்வேர்காரர் சிரித்துவிட்டுப் போவார். சங்கமாகக் கேட்டால் எழுதிக் கொடுப்பார். பராமரிப்பு ஒப்பந்தத்தில் கீழ்க்கண்ட நிபந்தனைகள் இடம்பெற வேண்டும் என்று நம் சங்கம் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.

ஒன்று, மாதம் ஒரு முறை மூலத்திலும் நகலிலும் இண்டெக்ஸ் பரிசோதனை நடத்தி, தேதியிட்ட சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டு, எந்த மிஷினிலும் லினக்ஸோ விண்டோஸோ டேட்டாபேஸோ பதிப்பு மாற்றும் முன் கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மூன்று, நகல் தவிர, மிஷினோடு தொடர்பில்லாத தனி டிஸ்க்கில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும். நகலில் தப்பு உடனே ஏறிவிடும், நேற்றைய பேக்கப்பில் ஏறாது. நான்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பேக்கப்பை வேறு மிஷினில் இறக்கி, பாக்கிப் பட்டியல் கூட்டுத்தொகை ஒத்து வருகிறதா என்று கடைக்காரர் முன்னிலையில் காட்ட வேண்டும். ஐந்து, கணக்கில் எந்த வரியையும் கடைக்காரர் கையெழுத்தின்றி அழிக்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு முறை குடோனில் மூட்டையை எண்ணி இருப்பு எடுக்கிறோம். எண்ணிய மூட்டையைத்தான் ஏட்டில் எழுதுகிறோம். போன வருஷ ஏட்டைப் பார்த்து இந்த வருஷ ஏட்டை எழுதினால் அதை இருப்பு எடுத்ததாக யாரும் ஒப்புக் கொள்ளமாட்டோம். மூட்டைக்கு வைத்திருக்கும் அந்த நியாயத்தைக் கணக்குக்கும் வைக்க வேண்டும். அடுத்த புதுக்கணக்குக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் தம் சாப்ட்வேர்காரரிடம் முதல் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். சீட்டு தரத் தயங்குபவரிடம் கணக்கை ஒப்படைக்கத் தயங்குவதே நமக்கு நல்லது.